எழுபத்தொன்பதுக்குப் பிறகு

வீட்டில் நான் கட்டுவது கைலிதான். மொத்தம் ஏழு இருக்கின்றன. அவற்றில் மூன்றுக்கு இடப்பக்கம் ஒரு பை உண்டு. என் மனைவி தைத்துக் கொடுத்தது. கைலியைச் சுற்றிக் கட்டும்போது பை முதுகுப் பக்கமோ முன்பக்கமோ போய்விடக் கூடாது என்று, மடிப்பு எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஓர் அடையாளமும் போட்டிருக்கிறாள். ஜொகூரில் நாங்கள் இருக்கும் இந்தக் கூலாயில் பை வைத்த கைலி கட்டும் மனிதனை நான் வேறு பார்த்ததில்லை.

பை எதற்கு என்றால், இடக்கையை வைத்துக்கொள்ள. பழைய அளவுகருவிகளைத் திறந்து பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. வால்வு காலத்துப் பெட்டிகளுக்குள் ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் ஓடும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். ஒரு கை மட்டும் போனால் சூடு பட்டதுபோல் உதறிவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுகருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அங்கே கால்சட்டைப் பை இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கைலியாகிவிட்டதால் பை வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். மின்சாரத்தை அணைத்த பிறகும் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிந்து போகட்டும் என்று நூறு வரை வாய்விட்டு எண்ணிவிட்டுத்தான் கையை உள்ளே விடுவேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். மீட்டரும் வைப்பேன். ஆனால் மீட்டர் வைப்பதற்கும் கை உள்ளே போக வேண்டுமே. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு பெட்டி என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அன்றிலிருந்து நூறு. ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி. பிரிவில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். நூறு எண்ணினால் ஒரு வினாடி கூடும் அல்லது குறையும், அதற்குமேல் பிசகாது.

எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. இந்த வருடம் அந்த நூறு பிசகிவிட்டது. பின்னறையில் இருக்கும் மேசையும் பெட்டிகளும் இனி எனக்கு உண்டா இல்லையா என்ற கேள்வி அதிலிருந்துதான் கிளம்பியது.

மேசையில் இப்போது பதினொரு கருவிகள் இருக்கின்றன. பதினொன்றாவதாக வந்தது ஓர் ஆசிலோஸ்கோப். மின்சார அலையைப் பச்சைக் கோடாகத் திரையில் வரைந்து காட்டும் பெட்டி. பெக்கான் நானாஸில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த கிரில் கதவுகளுக்குக் கீழே கிடந்தது. கடைக்காரச் சீனர் அதைக் காலால் தட்டிக் காட்டி, "ரோசாக் லா, அங்கிள்," என்றார். கெட்டுப்போனது என்று தெரிந்துதானே கேட்கிறேன். அவருடைய தராசிலேயே நிறுத்தோம். இருபத்தொன்பது கிலோ. உள்ளே முப்பத்து நான்கு வால்வுகள். அவருடைய ஆள் தூக்கி வந்து காரின் முன்சீட்டில் வைத்தான். நான் அதற்கு பெல்ட் போட்டேன். என் மனைவி பின்சீட்டில் ஏறினாள்.

பொந்தியான் சாலையில் திரும்பினோம். அவள் பின்சீட்டிலிருந்து சொன்னாள்:

"நாப்பத்தாறு வருசத்துல எனக்கு ஒரு வாட்டி இப்படி பெல்ட்டு மாட்டி விட்டிருக்கீங்களா?"

"நீ இருபத்தொம்போது கிலோ இல்லையே."

"இப்ப அதுவும் சொல்லிக் காட்டறீங்க."

வீட்டில் அதை கேஸ் தோங், அதாவது சிலிண்டர், தள்ளும் வண்டியில் வைத்துப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அதற்கே இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

தூசி துடைத்து, பழைய கெப்பாசிட்டர்களை மெல்ல மெல்ல மின்சாரம் ஏற்றிப் பழக்கி, நான்காம் நாள் முழு அழுத்தத்தில் போட்டேன். பச்சைக் கோடு வந்தது. மெல்லிய, நடுங்காத கோடு. எனக்குச் சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வருவதில்லை இப்போதெல்லாம். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கோடு தடித்தது. பிறகு மங்கியது. மங்கிக்கொண்டே திரையின் ஓரங்களைத் தாண்டி விரிந்து காணாமல் போனது. அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் போட்டால் திரும்ப வந்தது. திரும்பவும் போனது.

இப்படி வந்து போகும் பழுதுதான் மனிதனைக் கொல்லும். முழுதாகக் கெட்டிருந்தால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். எப்போது போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் போனால் சூட்டினால் வரும் பழுது. ஏதோ ஒரு பொருள் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் கைவிடுகிறது என்று அர்த்தம். நேரம் மாறி மாறி வந்தால் அது தளர்ந்த இணைப்பாகவோ, வால்வாகவோ, வேறு எதுவாகவோ இருக்கலாம். கண் திரையை விட்டு நகரக் கூடாது. சுவர்க் கடிகாரம் எனக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் வழக்கம்போல் வாய்விட்டு எண்ணினேன். நூறு ஆனதும் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.

முதல் தடவை 345. இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினேன். 366. இருபத்தொரு வினாடி கூடியிருக்கிறதே, சரியான பக்கம்தான் போகிறோம் என்று நினைத்தேன். ஒரு வால்வை மாற்றினேன். 354. மறுபடி இறங்கிவிட்டது. இன்னொரு வால்வு. 375. பிறகு 355, பிறகு 365. மூன்று வாரத்தில் ஏழு பொருள்களை மாற்றியிருந்தேன். கழற்றிய ஏழையும் தனித்தனியாகச் சோதித்தேன். ஏழும் நல்ல பொருள்கள். நல்லதைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும்போது கை தானாகவே கனத்துப்போகிறது. ஒரு மாற்று வால்வைத் தேடி ஆயர் ஈத்தாம் வரை போய், வானொலிப் பெட்டிகள் சேர்க்கும் ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதுவும் தேவையில்லாத பயணம்.

அன்று காலை பெட்டியை அணைத்துவிட்டு, இடக்கையைப் பையில் வைத்துக்கொண்டு, வலக்கையில் ஸ்பேனரை மாற்றிப் பிடித்தபடி நூறு எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கண்ணாடிப் பட்டை ஜன்னல் ஒன்றுதான். அந்தப் பக்கம் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, எம்பது எங்க?"

"எந்த எம்பது?"

"எழுபத்தொம்போது சொன்னீங்க. அடுத்து தொண்ணூறுன்னீங்க. நடுவுல எம்பதக் காணோம்."

"நீ வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருந்த. காதுல விழுந்திருக்காது."

"வெங்காயம் கண்ணுக்குத்தாங்க. காதுக்கு என்ன?"

நான் ஸ்பேனரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் முன்னால் நின்று ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணிக் காட்டினேன். எண்பது முதல் எண்பத்தொன்பது வரை பத்தும் வரிசையாக வந்தன. போதுமா என்று கேட்டேன். அவள் கத்தியைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கும் குதிரைப் படக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தாள். பெரிய எண்களுக்குக் கீழே பென்சில் புள்ளிகள். மாதங்களைத் திருப்பிக் காட்டினாள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்திருந்தது. நான் எண்ணினேன். பதினேழு புள்ளிகள்.

"என் எதிர்ல நின்னு எண்ணினா வருது. கை வேலையா இருந்தா வாய் தாவிருது. நான் கேட்ட நாளைக்கு மட்டும்தான் புள்ளி. மத்த நாள் மார்க்கெட்டுக்குப் போயிருப்பேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா கோவம் வரும். கோவம் வந்தா ரெண்டு கையும் உள்ள போகும்."

ஏன் தாவுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். எழுபத்தொன்பதின் வாலில் ஒரு ஒன்பது இருக்கிறது. அந்த ஒன்பதைச் சொன்னதும் நாக்கு தொண்ணூறைத் தேடிக்கொண்டு போகிறது; தமிழில் இரண்டும் ஒரே வாயில் பிறப்பவை. தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடமும் ஆங்கிலத்தில்தான் எண்ணினேன். அதில் இந்தப் பள்ளம் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு வாய் தானாகத் தமிழுக்குத் திரும்பிவிட்டது. ஆகவே இது வெறும் நாக்குப் பிசகு என்று ஒரு பக்கம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு பக்கம், பதினேழு முறை தாவியதும் எனக்குத் தெரியவேயில்லை என்பது இருந்தது. நாக்கு தவறு செய்யலாம். கேட்டுக்கொண்டிருந்த நான் எங்கே போயிருந்தேன்?

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எண்ண ஆரம்பித்தேன். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறந்தது இரண்டு. சந்தைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் செனாய் வரை போனது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அவர் முகத்துக்கு நேரே நின்றுபோனது ஒன்று. நான்கு. முன்பும் இப்படி நடந்திருக்கும். அப்போது எண்ணவில்லை, அவ்வளவுதான் என்றும் தோன்றியது. தூக்கமும் கெட்டது.

மகள் ஜொகூர் பாருவில் இருக்கிறாள். வேலை சிங்கப்பூரில். தினமும் பாலம் கடந்து போய் வந்து, சனிக்கிழமை எங்களைப் பார்க்க வருவாள். அந்தச் சனிக்கிழமை அவள் வந்தபோது காலண்டர் மேசைமேல் இருந்தது. அவள் அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். மகள் என்னோடு பின்னறைக்கு வந்து, உட்கார இடமில்லாமல் ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து நின்றாள்.

"ப்பா, நான் சண்டைக்கு வரல. கிளினிக் போய் ஒரு டெஸ்ட் எடுங்க. டாக்டர் சரின்னா சரி, நான் வாயத் திறக்க மாட்டேன். சரியில்லன்னா இந்த ரூம காலி பண்ணிருவோம்."

"பெட்டி என்ன செய்யுது உன்னை?"

"என்னை ஒண்ணும் செய்யல. உங்களத்தான் செய்யும். அம்மா தனியா இருக்காங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களப் புடிச்சு இழுக்கக்கூட அவங்களால முடியாது."

"இழுக்கக் கூடாது. முதல்ல மெயின் சுவிட்ச்ச அடைக்கணும். இழுத்தா இழுக்கிறவங்களும் சேர்ந்து போவாங்க."

"அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் மகள். "இதத்தான் நானும் சொல்றேன்."

ஆங்கிலத்தில் எண்ணிப் பார்க்கச் சொன்னாள். அதையும் செய்து பார்த்தேன். கை சும்மா இருக்கும்வரை ஆங்கிலம் நின்றது. ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்ததும் முப்பது வாக்கில் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசாங்கக் கிளினிக்கில் அந்தக் காலை நேரத்தில் முப்பத்தாறு நாற்காலிகள், அவற்றில் முப்பத்தொன்றில் ஆட்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் மலாய்க்காரப் பெண். என் மகளை விட வயது குறைவாக இருக்கும். பொறுமையானவர். மலாயில்தான் கேட்டார். இன்று என்ன கிழமை, என்ன தேதி, இது எந்த ஊர். பிறகு மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: எப்பால், மேஜா, பூங்ஙா. பிறகு கேட்கிறேன் என்றார்.

அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். எனக்கு மனத்தில் தமிழிலும் வாயில் மலாயிலுமாக ஓடியது. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எண்பது இருக்கிறது, நல்லது. எழுபத்தொன்பது. அங்கே நின்றேன். கீழ்நோக்கிப் போகும்போது பள்ளம் இல்லை என்று தெரிந்தும் நின்றேன். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் மனைவி பக்கத்தில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தூஜு புலோ டுவா," என்றேன். எழுபத்திரண்டு. அடுத்து அறுபத்தைந்து. சரி என்று எழுதிக்கொண்டார்.

மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்டார்.

"எப்பால்," என்றேன். "மேஜா." ஆப்பிளும் மேசையும் சரி. மூன்றாவதும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. "தாமான்."

அவர் பேனா நின்றது. "தாமான் இல்லை, பாக்சிக்," என்றார். பெரியவரே என்பதுபோல் மலாயில் அப்படி அழைப்பார்கள்.

அவர் சொன்ன பூங்ஙா மலாயில் பூ. என் காதில் அது தமிழ்ப் பூங்காவாகப் போய், உள்ளே மரமும் பெஞ்சுமாக உட்கார்ந்து, வெளியே வரும்போது மலாய்ப் பூங்காவாகத் தாமான் என்று வந்திருக்கிறது. இதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற தாதியிடம் சொல்லி அவரும் சிரித்தார். ஆனால் மதிப்பெண் கொடுக்கவில்லை. முப்பதுக்கு இருபத்தேழு. பூவுக்கு ஒன்று போயிற்று, தேதியை ஒரு நாள் முன்னதாகச் சொன்னதற்கு ஒன்று. மூன்றாவது எதில் போனது என்று நான் கேட்டேன். "தாக் அப்பா, பாக்சிக்," என்றார். பரவாயில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? இன்று வரை அந்த ஒன்று எதில் போனது என்று தெரியாது.

"இந்த வயதில் இது பியாசா," என்றார். சாதாரணம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் என் மனைவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். காரில் ஏறி மகளுக்குத் தொலைபேசினாள். "இருவத்தேழு. பாஸ். பூவுலதான் கோட்ட விட்டுட்டாரு." அவள் குரலில் இத்தனை நாளும் இல்லாத இலேசு இருந்தது. எனக்கு அது வரவில்லை. நான் இருந்த பிரிவில் ஒரு கருவியைச் சோதித்து முடித்ததும் அடுத்த சோதனை எப்போது என்று எழுதி அதன் மேல் ஓர் ஒட்டு ஒட்டுவோம். எனக்கு ஆறு மாத ஒட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, இடத்தில் கொண்டுபோய் மாட்டியதும் தகராறு செய்யும் கருவிகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். என் மனைவியின் முன்னால் நின்று எண்ணியபோதும் எண்பது வந்ததே.

மறுநாள் பின்னறையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். வேலை செய்ய மனமில்லை. சும்மா அந்த ஆறு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 345, 366, 354, 375, 355, 365. கடைசி இலக்கம் எல்லாவற்றிலும் நான்கு, ஐந்து, ஆறு. வித்தியாசம் எல்லாம் ஒன்றிரண்டு முன்பின்னாகப் பத்து, இருபது, முப்பது. மாறி மாறி வரும் பழுது இப்படிப் பத்துப் பத்தாக மாறாது. மூன்று வாரமாக என் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

345 வரை எண்ணினால் எழுபத்தொன்பதை மூன்று முறை கடக்க வேண்டும். ஒவ்வொரு முறை தாவும்போதும் கணக்கில் பத்து கூடிவிடும். தாவாவிட்டால் 345. ஒரு முறை தாவினால் 355. மூன்று முறையும் தாவினால் 375. அந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்தில்தான் போயிருக்கிறது. மாறியதெல்லாம் நான்.

மனைவியைக் கூப்பிட்டேன். சுவர்க் கடிகாரத்தின் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். கோடு போனதும் நான் "இப்ப" என்பேன், அவள் நேரத்தைச் சொல்ல வேண்டும். நான் எண்ணவில்லை. எண்ணாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது வாயை யாரோ பொத்தியதுபோல் இருந்தது.

"இப்ப."

"அஞ்சு நிமிசம், நாப்பத்தஞ்சு செகண்டு."

ஆறவிட்டு மறுபடி. ஐந்து நிமிடம், நாற்பத்தாறு. மறுபடி. ஐந்து நிமிடம், நாற்பத்து நான்கு. சூடுதான்.

அதன் பிறகு அரை நாள் வேலை. மகள் விட்டுப்போயிருந்த முடி உலர்த்தும் கருவியை எடுத்து, அட்டைக் குழாய் ஒன்றை அதன் வாயில் மாட்டி, ஆறிக் கிடந்த பெட்டியைப் போட்டு ஒவ்வொரு பொருளாகச் சூடாக்கினேன். இடக்கை பையில். பதினான்காவதாகச் சூடாக்கியது உயர் அழுத்தப் பகுதியில் இருந்த ஒரு ரெசிஸ்டர். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். சூடு பட்ட அரை நிமிடத்தில் கோடு தடித்து விரிந்தது. அணைத்து, மனைவியைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி நூறு வினாடி விட்டு, அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். குறுக்கே முடி மாதிரி ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது விரிசலின் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடானதும் விலகும். மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். கோடு அசையவில்லை.

குறிப்பேட்டில் பழுதையும் தீர்த்த விதத்தையும் எழுதிவிட்டு, கீழே இன்னொரு வரி எழுத வேண்டியிருந்தது. ஆறு தடவை எண்ணியதில் எழுபத்தொன்பதைப் பதினெட்டு முறை கடந்திருக்கிறேன். தாவியது எத்தனை என்று கூட்டினேன். பூஜ்யம், இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு. ஒன்பது. பாதிக்குப் பாதி. முன்பு நூறு என்று நம்பிக் கையை உள்ளே விட்ட நாள்களிலும் பாதி நாள் அது தொண்ணூறுதான். பத்து வினாடியில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. இன்று எண்பதை விடுகிற ஆள் நாளைக்கு அணைப்பதையே விட்டுவிட மாட்டானா என்பதும் இருக்கிறது.

சனிக்கிழமை மகள் வந்தாள். கையில் கேக் பெட்டி. டாக்டர் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "சரிப்பா, நான் சொன்ன வார்த்தை வார்த்தைதான். ரூம் உங்களுது," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தாள் என் பக்கம் இருந்தது. நான் குறிப்பேட்டை எடுத்து வந்து அவள் முன் வைத்து, பதினெட்டுக்கு ஒன்பது என்று எழுதிய வரியைக் காட்டினேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "டாக்டர் பாஸுங்கறாங்க. நீங்களே ஃபெயிலுங்கறீங்க."

"டாக்டர் மேசையில வெச்சுப் பாத்தாங்க. இது வேலையில வெச்சுப் பாத்தது."

"அப்ப ரூம காலி பண்ணவா?"

பதினொரு பெட்டிகள். பதினொன்றில் எட்டு இப்போது ஓடுகின்றன. ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் என் கையெழுத்தே தடையாக இருந்தது.

"ஃபோன்ல டைமர் வெச்சுக்கங்களேன்," என்றாள் மகள், கொஞ்சம் இறங்கி.

"அந்த மணி சத்தம் எனக்குக் கேக்காது. என் காது எதுவரைக்கும் கேக்கும்னு, ஒலி உண்டாக்கற ஜெனரேட்டர் வெச்சுப் பாத்துட்டேன். ஃபோன் கத்தற கீச்சு அதுக்கு மேல."

அப்போது என் மனைவி கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "மணி நான் பாத்துக்கறேன்."

"நீ எண்ணப் போறியா?"

"எண்ண மாட்டேன். எண்ணினா நானும்தான் தாவுவேன், எனக்கு என்ன வயசு கொறையவா செய்யுது? ஜெபமாலை உருட்டறேன். பத்து மணி, மணிக்கு ஒரு ஜெபம். விரல் தாவாது. ஒரு மணி விட்டா தடவும்போதே தெரியும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா?"

"அளந்து பாருங்க. நீங்க அளக்காம விடவா போறீங்க."

அளந்தேன். மூன்று முறை. இரண்டு நிமிடம் நாற்பது, இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு, இரண்டு நிமிடம் ஐம்பது. மூன்றாவது தடவை யாருக்காகவோ கூடுதலாக உருகியிருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் நூறை விடக் கூடுதல். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் எந்தப் பெட்டியின் மூடியும் திறக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி டாக்டர், மறுபடி குறிப்பேடு. நான் ஒத்துக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் கேக் சாப்பிட்டார்கள். எனக்குக் களைப்பாக இருந்தது, போய்ப் படுத்தேன்.

இப்போது ஓடாத மூன்றில் ஒன்றைத் திறந்திருக்கிறேன். நேற்றுக் காலை அதை அணைத்துவிட்டு, "ஆரம்பி," என்றேன். ஜன்னல் பட்டைகளுக்கு நடுவே அவள் தெரிந்தாள். அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து உதடு அசைய மணியை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் இடக்கையைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பாதியில் இருக்கும்போது வாசலில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டது. எழுந்து போய்விட்டாள்.

அவர்கள் பேசியது பின்னறை வரை கேட்டது. முந்தின நாள் கொடுத்த தேங்காய் ரொட்டி காய்ந்துபோயிருந்ததாக அவள் சொன்னாள். அவர் அது நேற்றுச் சுட்டது என்றார். "நேத்து சுட்டது நேத்தே காஞ்சிருந்தா இன்னைக்கு சுட்டது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பிறகு அவர் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். எந்த எண்ணெய் தேய்க்க வேண்டும், எந்த வெயிலில் உட்கார வேண்டும் என்று சொன்னாள். எனக்குக் கால் வலித்தது. இந்நேரம் நான் நூறை இரண்டு தடவை எண்ணி முடித்திருப்பேன், எண்பதுகளோடோ எண்பதுகள் இல்லாமலோ. பெட்டியில் ஒரு துளி மின்சாரம்கூட மிச்சம் இருக்காது.

கடைசியில் ரொட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனையாவதுல விட்ட?" என்று கேட்டேன்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். வாசலுக்குப் போய், ரொட்டியைத் தேர்ந்தெடுத்து, சண்டை போட்டு, முழங்காலுக்கு வைத்தியம் சொல்லித் திரும்பி வந்திருக்கிறாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதே மணி அப்படியே இருந்தது.

"ஆறு," என்றாள். "இன்னும் நாலு இருக்கு. நில்லுங்க."

நின்றேன். வலக்கையையும் எங்காவது வைக்கலாமா என்று பார்த்தேன். கைலியில் பை ஒன்றுதான்.